புரட்டாசியில் மீன் வாசம்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெர்போக் ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, சதுப்பு மரங்களுக்கு எதிரே, மஞ்சள் நிறக் கயாக் படகு ஒன்றில் நானும் என் நாத்தனார் ஸ்டெல்லாவும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தோம். மிதந்துகொண்டிருந்தோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கயாக்குக்கு அடியில் தண்ணீர் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை இருந்தது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் பளபளவென்று சேறுதான்.

இறங்கித் தள்ளிப் பார்க்கலாம் என்று நான் ஒரு காலை வைத்தேன். கால் முழங்காலைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா என் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போட்டபோது, என் வலது கால் செருப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நாங்கள் புறப்பட்ட படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்தது. நூறு அடி இருந்தால் அதிகம். அங்கே ஓர் ஆள் இல்லை. அந்த மழையில் யார் இருப்பார்கள்?

“அண்ணி, குளிருது” என்றாள் ஸ்டெல்லா.

அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் மழையையும் மீறி எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து, விரல்கள் மரத்துப்போய், துடுப்பைப் பிடிக்கவும் முடியாமல் மடியில் போட்டு வைத்திருந்தாள். ஏற்கனவே ஒல்லியான உடம்பு. நல்ல வெயில் நாட்டில், மதியம் மூன்றரை மணிக்கு, ஒருத்தி குளிரில் விறைத்துப்போவாள் என்று சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அவள் கணவர் அருள்தாஸை ஆறு முறை அழைத்துவிட்டேன். சொந்தக்காரர் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார். தேவாலயத்துக்குள் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார், நல்ல மனிதர்.

போம்பாவைக் கூப்பிடலாம் என்றாள் ஸ்டெல்லா. தீயணைப்புக்காரர்கள் கட்டாயம் வந்திருப்பார்கள். யாராவது படம் எடுத்து முகநூலிலும் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அது என் வீட்டுக்காரர் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? தெரியத்தான் போகிறது என்றால் என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் தனபாலன், ஸ்டெல்லாவின் சொந்த அண்ணன். பதினேழு வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர். அன்று மாலைப் படையலுக்கு நான் வாழைக்காய் வாங்கப் பீடோங் பசாருக்குப் போயிருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

திட்டாத அண்ணன்

போன வாரம் இந்தப் பத்தியில் என் வீட்டுக்காரரின் திட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி என்னைக் கடையில் நிறுத்தி, “பாவம் அண்ணன், இப்படிப் போட்டு வாரிட்டீங்களே” என்று வருத்தப்பட்டார். அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் திட்டுவது யாரை என்று கவனித்தால் போதும். தனக்கு வேண்டியவர்களை மட்டும்தான் திட்டுவார்.

வீடு பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. கூரை மாற்றுவது, அடுப்படியைப் பின்னால் தள்ளிக் கட்டுவது, ஓடு பதிப்பது. சிமெண்டைத் திட்டுவார். பழைய பிக்கப் வண்டியைச் சாவி போடும்போதே திட்டத் தொடங்குவார். என்னைத் திட்டுவதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போடலாம். வேண்டாதவர்களிடம் மட்டும் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்.

லூனாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் அண்ணனும் தங்கையும். பதினோரு வயது வித்தியாசம். அப்போது அவள் பெயர் சாரதா. வீட்டில் பாப்பா. அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே பால்மரம் வெட்டப் போய்விடுவதால், தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு, சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனது அண்ணன்தான். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே மிதிப்பாராம். அவள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போவாளாம்.

சாரதா இருபத்து நான்கு வயதில் அருள்தாஸைக் கட்டிக்கொண்டாள். அருள்தாஸ் கத்தோலிக்கர். அவள் ஞானஸ்நானம் எடுத்து ஸ்டெல்லா ஆனாள். தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை.

சண்டை போட்டிருந்தால் ஒரு வருடத்தில் தீர்ந்திருக்கும். இவர் சண்டை போடவில்லை. “உங்க விருப்பம்” என்று மரியாதையாகச் சொன்னார். உங்க! அந்த ஒரு ‘உங்க’வில்தான் ஸ்டெல்லா உடைந்துபோனாள். அதற்குப் பிறகு திட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மாமனார் இறந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள். இவர் பார்த்தார், பார்க்காதவர் போல உள்ளே போய் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தொடக்கத்தில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம். பிறகு அந்தச் சொந்தக்காரர்களே அவள் வீட்டுக்குப் போய் வரத் தொடங்கிவிட்டார்கள். வெட்கத்துக்குக் காரணம் போய்விட்டது, வீம்பு மட்டும் தங்கிவிட்டது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கும் மரியாதை கிடைத்தது.

நான் மட்டும் ஸ்டெல்லாவை விடவில்லை. அவளுக்கு ஒருமுறை குடல்வால் அறுவை செய்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கள்ளத் தொடர்பு. சுங்கை பட்டாணியில் சந்திப்போம், ரொட்டி சானாய் தின்போம், அண்ணன் அன்று யாரைத் திட்டினார் என்று கேட்பாள். நான் சொல்வேன். ஒவ்வொன்றையும் பொறாமையோடு கேட்டுக்கொள்வாள்.

சிவப்புத் தாடிக்காரர்

கயாக் எப்படி வந்தது? ஸ்டெல்லாவின் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போகும்போது, எடுத்துப் போக முடியாமல் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டு பேர் உட்காரும் கயாக். தூண்டில் செருகி வைக்க நான்கு ஓட்டைகள். அருள்தாஸ் பள்ளி வேன் ஓட்டுபவர், அதன் கூரையில் ஏற்றிக் கட்டினால் பொருந்தியது. நான் குலிம் மின்னியல் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம். சும்மா இருக்கத் தெரியாத கை.

“அண்ணி, ட்ரை பண்ணிப் பாப்போமா லா?” என்றாள்.

“எனக்குத் தண்ணின்னா பயம்.”

“எனக்கும்தான். ரெண்டு பேருக்கும் பயம்னா சரியாப் போச்சு.”

எங்கள் வாத்தியார் யூடியூபில் இருந்தார். ஏதோ ஒரு குளிர் தேசம். சாம்பல் நிறக் கடல், பின்னால் பனி மூடிய மலை, நடுவில் சிவப்புத் தாடி வைத்த ஒருவர் கயாக்கில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. தாடிக்காரர் என்போம். ஸ்டெல்லாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொல்வாள்.

கவிழ்ந்தால் திரும்ப ஏறப் பழகாமல் மீன் பிடிக்கப் போகாதே என்றார். பழகினோம். சுங்கை பட்டாணி நீச்சல் குளத்தில் பெண்கள் வகுப்பில் சேர்ந்து, ஐம்பது வயதில் நான் நாய் நீச்சல் கற்றுக்கொண்டேன். ஆற்றின் ஆழமில்லாத ஓரத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் போட்டு ஏறினோம். நான் ஏறுவதைப் பார்த்து அருள்தாஸ் கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். மரியாதை தெரிந்த மனிதர், அதனால்தான் திருப்பிக்கொண்டார்.

எல்லாவற்றையும் கயாக்கோடு கட்டி வை, கட்டாதது எல்லாம் கடலுக்குச் சொந்தம் என்றார். ராஃபியா கயிறு எடுத்துத் தூண்டில், துடுப்பு, இடுக்கி, தண்ணீர்ப் புட்டி, பிஸ்கட் டின் என்று எல்லாவற்றையும் கட்டினோம். முதல் நாள் நாங்கள் புறப்பட்ட கோலத்தைப் பார்த்தால் கயாக்கைத் தூக்கில் போட்டது மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரையும் காற்றையும் பார்த்து உடுத்து, நனைந்த பிறகு எது உன்னைச் சூடாக வைக்குமோ அதைப் போடு என்றார். சொல்லிவிட்டு ரப்பர் போல ஒரு முழு உடுப்பை மாட்டிக் காட்டினார். நானும் ஸ்டெல்லாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் கடல் ஆறிப்போன டீ மாதிரி இருக்கும். இங்கே வந்து அதை மாட்டிப் பார்க்கச் சொல், வெந்துபோவார் என்றேன். பருத்திச் சட்டை, ட்ராக் பேன்ட், தலைக்கு ஒரு தொப்பி. அதுதான் எங்கள் உடுப்பு.

முதல் மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டெல்லாவின் தூண்டிலில் இறால் மாட்டிப் போட்டு, கரை ஓரமாகவே ஓசையில்லாமல் மிதந்துகொண்டிருந்தோம். தூண்டிலின் நுனி இரண்டு முறை தலையாட்டியது. அவ்வளவுதான், இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாங்கள் சியாகாப் என்கிற கொடுவாய் அது. பெரிதில்லை, என் முழங்கை நீளம். மீன் இழுத்த இழுப்பில் கயாக் தானாகத் திரும்பியது. நான் அதுவரை எத்தனையோ மீன் அறுத்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன். உயிரோடு ஒரு மீன் என்னை ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும் என்று நினைத்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுக் குழம்பு வைத்தேன். பசாரில் வாங்கியதாகச் சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “அடுத்த தடவ இதே கடையில வாங்கு” என்றார்.

சாம்பார் ஊற்றிய கை

அது ஆவணி. ஸ்டெல்லாவுக்கு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமைதான் விடுமுறை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவோம். மூன்றாவது முறை போனபோது புரட்டாசி பிறந்துவிட்டது.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். முட்டைகூடக் கிடையாது. சட்டிகளை வெயிலில் காயவைத்து, மீன் கத்தியைத் துணியில் சுற்றி மேலே வைத்துவிடுவேன். தெருவில் பாதி வீடு அப்படித்தான். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதற்கென்ன, கத்தோலிக்கர் வீட்டில் புரட்டாசி இல்லையே. அன்று பிடித்த நான்கு மீனும் ஸ்டெல்லா வீட்டு அடுப்படிக்குப் போயின. நான் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவி, எலுமிச்சை தேய்த்து, வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன்.

அவர் இலையில் சாம்பாரை ஊற்றினேன். அவர் மூக்கு ஒரு தடவை அசைந்தது. என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குனிந்து சாப்பிடத் தொடங்கினார். மற்ற பதினொரு மாதமும் என் கையில் மீன் வாசம் அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புரட்டாசியில் அது போலீஸ் கேஸ்.

மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மல்லிகா, முடியலன்னா விட்டுடு. பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா வெளிய போய் ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடாத. எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.”

நான் என்ன சொல்வேன்? சாப்பிடவில்லை, பிடிக்கத்தான் செய்தேன், அதுவும் உங்கள் தங்கையோடு என்றா சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டு, “ஒரு நாள் வாய் கேக்கல” என்றேன். செய்யாத பாவத்தை ஒப்புக்கொள்வதற்குச் செய்த பாவத்தை ஒப்புக்கொள்வதை விட அதிக வெட்கம் வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். சீனர் சைவக் கடையில் விற்கும் போலி மீன். சோயாவில் செய்து, மீன் தோல் போலத் தெரிய கடல்பாசி சுற்றியிருப்பார்கள். “இதப் பொரிச்சு சாப்பிடு. இவனுங்க வெலையக் கேட்டா இது நெஜ மீனுதான்னு நெனக்கணும்” என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கொடுத்தார். அதைப் பொரித்து அவர் எதிரிலேயே தின்றேன். இவ்வளவு நல்ல மனிதர், தங்கை விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி?

கடல் எங்கள் ஷிஃப்டில் இல்லை

அடுத்த சனிக்கிழமை மாளய அமாவாசை. காலையில் அவர் கோயிலில் தாய் தகப்பனுக்குத் திதி கொடுத்துவிட்டு வருவார். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் படையல். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை அவர் அழுவது அன்றுதான்.

பத்தரை மணிக்கு ஸ்டெல்லா அழைத்தாள். அந்த வாரம் அவளுக்கு வேலை நாள். யாரோடோ மாற்றிக்கொண்டு விடுப்பு எடுத்திருந்தாள்.

“அண்ணி, இன்னிக்கி அப்பா அம்மாவுக்குப் படைப்பீங்கல்ல?”

“ஆமா.”

“எனக்கு வீட்ல இருக்க முடியல அண்ணி. ஒரு ரெண்டு மணி நேரம் தண்ணில போய் உக்காந்துட்டு வந்துடுவோமா?”

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூசணியும் பயறும் ஏற்கனவே தயார். மூன்று மணிக்குத் திரும்பினால் சமையலை முடித்துவிடலாம். வாழைக்காய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். அருள்தாஸ் எங்களை மதியம் இறக்கிவிட்டு, அப்படியே அலோர் ஸ்டாருக்குப் போனார். கயாக்கைத் துறையிலேயே கட்டி வைத்துவிட்டு, திரும்பும்போது டாக்சி பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தோம்.

முந்தைய மூன்று முறையும் துறையில் தண்ணீர் அதிகம் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. அதனால் அது எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். இரண்டு பேரும் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு ஆறு என்றால் ஒரே பக்கம் ஓடும், மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். நாங்கள் போன அந்த வாரங்கள் எல்லாம் கடல் சோம்பிக் கிடக்கிற வாரங்கள் என்றும், அமாவாசை அன்று நிறைய ஏறி நிறைய வடிந்துவிடும் என்றும் பிறகு எங்களுக்கு இறால் விற்கும் மலாய்க்கார அம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டில் மூன்று நாட்காட்டி தொங்குகிறது. மூன்றிலும் அமாவாசை கறுப்பு வட்டமாக இருக்கிறது. அன்றைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது, புது வேலை தொடங்கக் கூடாது என்று எனக்கு ஆயிரம் தெரியும். கடல் வடியும் என்பது மட்டும் தெரியாது.

அன்று தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு நின்றது. சந்தோஷமாகப் போனோம். ஸ்டெல்லா அதிகம் பேசவில்லை. அப்பாவுக்குப் பிடித்த வடையைப் பற்றி ஒரு முறை சொன்னாள். இரண்டு கெலாமா மீன் கிடைத்தன. நிமிர்ந்து பார்த்தபோது ஜெராய் மலை மேகத்துக்குள் போயிருந்தது. வேகமாகத் துடுப்புப் போட்டுத் திரும்பினோம். துறைக்கு நூறு அடி இருக்கும்போது கயாக் வயிறு தட்டி நின்றது. மழை பிடித்துக்கொண்டது.

தாடிக்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. கடல் டீ மாதிரிதான் இருந்தது. ஆனால் நாங்கள் கடலில் இல்லை. நனைந்த பருத்திச் சட்டையோடு, காற்று அடிக்கும் வெட்டவெளியில், அசைய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

“ஸ்டெல்லா, ஏதாவது பேசிட்டே இரு” என்றேன். முதலில் பேசினாள். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் வீட்டுக்காரரை அழைத்தேன்.

“எங்க இருக்க? வாழக்காய வெளைய வச்சுக் கொண்டு வரியா?”

“ஏங்க, நான் செமிலிங் தாண்டி, ஆத்துல இருக்கேன். கயாக்ல. சேத்துல மாட்டிக்கிட்டோம். நீங்க கூரை போட்டுக் கொடுத்தீங்களே ஒரு கடை, அதுக்குப் பின்னால இருக்கிற துறை.”

“என்னது? மாட்டிக்கிட்டோம்னா, கூட யாரு?”

“பாப்பா.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கட் ஆகிவிட்டதோ என்று பயந்தேன்.

“ரொம்பக் குளிருதுங்க அவளுக்கு. பேச மாட்றா.”

“அவளுக்கு நீச்சல் தெரியாதே” என்றார். குரல் அவர் குரலாக இல்லை. அப்படியே வைத்துவிட்டார்.

பலகை

அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் ஸ்டெல்லாவின் பக்கம் ஊர்ந்து போய் அவள் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிக்கப் வரும் சத்தம் கேட்டது.

படையலுக்குக் குளித்துத் தயாராக இருந்தவர் அப்படியே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், வெற்று மார்பில் துண்டு. பிக்கப்பின் பின்னாலிருந்து சிமெண்டு வார்க்கும்போது அடிக்கிற நீளப் பலகைகளை உருவி எடுத்தார். ஒன்றைச் சேற்றின் மேல் போட்டார். அதன் மேல் நடந்து வந்து இன்னொன்றை முன்னால் போட்டார். பலகை தீர்ந்ததும் பின்னால் உள்ளதைப் பெயர்த்து முன்னால் கொண்டு வந்தார். ஒரு முறை வழுக்கி, ஒரு கால் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. கையை ஊன்றி ஏறினார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. மரியாதையாகப் பேசிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் பலகை கயாக்கில் முட்டியது. துண்டைப் பிழிந்து ஸ்டெல்லாவின் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அவள் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் தேய்த்தார். அவள் கண்ணைத் திறந்தாள்.

“புத்தி இருக்கா உனக்கு?” என்று கத்தினார். “மழ காலத்துல பருத்திச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கா பாரு! நீச்சல் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது, படகு ஓட்ட வந்துட்டா பெரிய மாலுமி மாதிரி! எழுந்திரு! கையக் குடு! அங்க இல்ல, பலகை நடுவுல வை கால! பத்து வயசுல இருந்த மூளைகூட இப்ப இல்ல!”

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். உதறல் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி” என்றாள், பல் அடித்துக்கொண்டே. “திட்டுறாரு.”

மழையில் அழுதால் தெரியாது என்பார்கள். அவள் அழுதது நன்றாகத் தெரிந்தது.

கயாக்கை நீளக் கயிற்றில் ஒரு மரத்தோடு கட்டிவிட்டு, மூவரும் பிக்கப்பின் முன் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வேலைக்குப் போடும் முரட்டுச் சட்டை ஒன்று வண்டியில் கிடந்தது, அதை அவளுக்குப் போட்டுவிட்டார். கண்ணாடியை ஏற்றினார். உடனே மூக்கு அசைந்தது. என் மடியில் இருந்த பையைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு கெலாமா.

“அன்னிக்கி வந்த வாசம் இதானா?”

“ஆமா.”

“அப்ப நீ சாப்பிடல?”

“இல்லங்க.”

“பின்ன எதுக்குடி சாப்பிட்டேன்னு சொன்ன? நான் அந்த ரப்பர் மீன வேற காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்!”

அப்போது தொடங்கியவர் செமிலிங் வரும் வரை நிறுத்தவில்லை. என்னைத் திட்டினார், கயாக்கைத் தலையில் கட்டிய முன்பின் தெரியாத ஆளைத் திட்டினார், போனை எடுக்காத அருள்தாஸைத் திட்டினார். ஆனால் பெரும்பங்கு ஸ்டெல்லாவுக்குத்தான். பதினேழு வருடமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது. ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய் என்று ஒரு திட்டு, அறுவை செய்த வயிற்றோடு துடுப்புப் போடலாமா என்று ஒரு திட்டு. அறுவை செய்தது இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே. கேட்கலாம் என்று வாயெடுத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அந்த முரட்டுச் சட்டைக்குள் சுருண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் உடம்பு மெல்ல மெல்லச் சூடாவது எனக்குத் தோளில் தெரிந்தது.

அவள் வீடு செமிலிங் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை. வழி கேட்காமலே வண்டியைத் திருப்பினார். பள்ளி வேன் வாசலில் நின்றது. தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பதறி ஓடி வந்திருந்த அருள்தாஸ், குடையைக்கூடப் பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்.

மனைவியை இறக்கிக் கைத்தாங்கலாகக் கேட்டுக்குள் கொண்டுபோனார். பிறகு திரும்பி வந்து பிக்கப் பக்கத்தில் நின்றார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மச்சான், உள்ள வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஆள் கிடைத்ததில்லை.

வீட்டுக்காரர் வண்டியை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மணி ஐந்தரை. வீட்டில் மாமனார் மாமியார் படங்களுக்குப் பூப்போட்டு, முன்னால் வெறும் இலை விரித்து வைத்துவிட்டு வந்திருந்தார். கேட்டுக்குள் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ முறை பார்த்துப் பழகியவள் போல, அவர் போய்விடுவார் என்று தயாராக நின்றாள்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “படையல் இருக்குங்க, நேரமாச்சு” என்றேன்.

“அப்பா கொஞ்சம் காத்திருப்பாரு” என்றார். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கேட்டுக்குள் பார்த்து, “பாப்பா, கால் கழுவத் தண்ணி எங்க?” என்று கேட்டார்.

அருள்தாஸ் குழாயைத் திறக்க ஓடினார். ஸ்டெல்லா அவரைத் தள்ளிவிட்டு, வாளியில் பிடித்து, அண்ணன் காலில் தானே ஊற்றினாள். தண்ணீர் அங்கும் இங்கும் தெறித்தது.

“பார்த்து ஊத்து, வேட்டி நனையுது!” என்று திட்டினார். வேட்டி இடுப்பு வரைக்கும் சேறாக இருந்தது.